கைக்கோல் ஏந்திய ஆண்டீஸ் உருவங்கள் அனைத்தும் ஒரே கடவுள்தானா?

மலைமுகடு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் தென்னமெரிக்கத் தொல்கலை குறித்துப் படக்காட்சி ஒன்று வைக்கவிருக்கிறோம். படங்களுக்கான விளக்கங்களை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பெரு நாட்டின் சவீன் தெ வாந்தரில் கிடைத்த ரைமொந்தி கற்பலகை, பொலிவியாவின் திவனாக்குவில் நிற்கும் சூரிய வாயில் ஆகிய இரண்டின் படங்களையும் அடுத்தடுத்து வைக்க எண்ணியுள்ளேன். இரண்டிலும் நேர்முகமாக நிற்கும் ஓர் உருவம் இரு கைகளிலும் கோல்களைப் பிடித்திருக்கிறது. இரண்டிலும் தலையைச் சுற்றிக் கதிர்களாகவோ பாம்புகளாகவோ ஏதோ கிளம்புகிறது. அறிமுக நூல்கள் பலவும் இவ்விரண்டையும் ‘கோல் கடவுள்’ என்ற ஒரே பெயரால் குறிக்கின்றன. சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, இன்காக்கள் வணங்கிய படைப்புக் கடவுளான விராகோச்சாதான் இது என்று உறுதியாகவே எழுதுகிறார்கள். படத்தின் கீழ் நானும் அவ்வாறே எழுதலாமா? மாணவர்கள் படித்து மனத்தில் பதித்துக்கொள்ளப் போகும் வரி என்பதால் தவறான ஒன்றை எழுதிவிட எனக்கு மனமில்லை.

பாறைமொழி:

எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காலத்தைப் பாருங்கள். சவீன் கோயில் ஏறத்தாழ கி.மு. 1200 முதல் கி.மு. 500 வரை செழித்திருந்தது. திவனாக்குவின் சிறப்புக்காலம் ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரை. இன்காக்கள் பேரரசாக விரிந்தது 15ஆம் நூற்றாண்டில்தான். விராகோச்சாவைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் எழுதி வைத்தவை. படைத்தவன் ஒருவன் என்ற கிறித்தவ எண்ணத்தோடு கேட்டு, அதற்கேற்ப எழுதப்பட்டவையும் அவற்றில் உண்டு. அந்தப் பெயரை எடுத்து இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று ஒரு கல்லின் மேல் ஒட்டுவது, அந்தக் கல்லைச் செதுக்கியவர்களின் குரலை மூடிவிடும் செயலாகும். 1549ஆம் ஆண்டு திவனாக்குவுக்குச் சென்ற ஸ்பானிய வரலாற்றுக் குறிப்பாளர் சியேசா தெ லெயோன், இவற்றை இன்காக்களா கட்டினார்கள் என்று அங்குள்ளவர்களிடம் கேட்டார். அவர்கள் சிரித்துவிட்டு, இன்காக்கள் ஆட்சிக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இவை இங்கே இருந்தன என்றார்களாம். அந்த ஊர் மக்களே அன்று மறுத்த உறவை நாம் இன்று ஏற்படுத்த வேண்டியதில்லை.

இரண்டாவதாக, உருவங்களையே அருகில் வைத்து ஒப்பிடுங்கள். ரைமொந்தி பலகை 1.98 மீட்டர் உயரம் கொண்ட, வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கல். கோடுகள் மிக மெல்லியவை என்பதால் நேரில் பார்ப்பதைவிட மசியொற்றிய படியில்தான் உருவம் தெளிவாகத் தெரியும். பலகையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே உருவத்தின் உடல் இருக்கிறது. மேலே எஞ்சிய பகுதி முழுவதையும் தலையணி நிறைக்கிறது. பலகையைத் தலைகீழாகத் திருப்பினால் அந்தத் தலையணி ஒன்றன் வாயிலிருந்து ஒன்றாகக் கிளம்பும் விலங்கு முகங்களின் அடுக்காக மாறிவிடுகிறது. கோரைப்பற்கள், நகங்கள், பாம்புகள் என்று எங்கும் நிறைந்திருக்கின்றன. சூரிய வாயிலின் உருவத்துக்கோ கோரைப்பற்களே இல்லை. சதுரமான முகம், கண்களின் கீழ் கண்ணீர்த் தாரை போன்ற பட்டைகள், பறவைத் தலையில் முடியும் கோல்கள், படிப்படியாக அமைந்த பீடம் என்று அதன் அமைப்பே வேறு. அதன் இருபுறமும் மூன்று வரிசைகளில் சிறகு முளைத்த 48 உருவங்கள் அதை நோக்கி விரைகின்றன; நடு வரிசையில் இருப்பவற்றுக்குப் பறவை முகம். சவீன் பலகையில் இப்படி ஒரு பரிவாரமே கிடையாது. கோல் பிடித்திருப்பது என்ற ஒரே ஒற்றுமையை நம்பி இரண்டையும் ஒருவராக்கிவிட முடியாது.

இவ்விரண்டும் கடவுள் உருவங்கள் அல்ல என்று நான் சொல்லவில்லை. இவற்றுக்குப் பெயர் தேடுவதைவிட, இவை எங்கே நின்றன, இவற்றின் முன் என்ன நடந்தது என்று தேடுவதே அதிகப் பலன் தரும் என்கிறேன்.

ஓடுதேடி:

பாறைமொழி ஐயாவின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆயினும் அதை இந்த அளவுக்கு இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்டீஸ் மக்களிடம் உருவ மரபு தொடர்ந்து வந்ததற்கான சான்றுகளை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெருவின் ஆயகுச்சோ பகுதியில் உள்ள கொஞ்சோபாதாவில், வாரி மக்கள் செய்து வேண்டுமென்றே உடைத்துப் புதைத்த பெரிய சடங்குப் பானைகளின் மேல், சூரிய வாயிலில் இருக்கும் அதே உருவம் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. திவனாக்குவும் வாரியும் தனித்தனி அரசுகள். இடையே நீண்ட மலைத்தொலைவு. அப்படியிருந்தும் கோல்கள், கதிர்த்தலை, பக்கவாட்டில் விரையும் சிறகுள்ள பரிவாரம் வரை ஒத்துப்போகின்றன. இதை ஒரே தெய்வம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? மேலும் பெருவின் பாத்திவில்கா பள்ளத்தாக்கில் கிடைத்த சுரைக்குடுக்கைத் துண்டு ஒன்றில் கோலும் கோரைப்பல்லும் கொண்ட உருவம் கீறப்பட்டிருப்பதாகவும், அந்தச் சுரை கி.மு. 2250 அளவிலானது என்றும் 2003இல் அறிவித்தார்கள். நான்காயிரம் ஆண்டுகளாக ஒரு வடிவம் மீண்டும் மீண்டும் வருகிறதென்றால் அதன் பின்னே ஒரு நம்பிக்கையும் தொடர்ந்திருக்க வேண்டும் அல்லவா?

பாறைமொழி:

வாரி, திவனாக்கு இரண்டையும் பொறுத்தவரை உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அவை சமகாலத்தவை, அவற்றுக்கிடையே சமயத் தொடர்பு இருந்தது ஐயத்துக்கு இடமில்லாதது. சுரைக்குடுக்கையைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு: சுரை பழையது என்றால் அதன் மேலுள்ள கீறலும் அதே பழமை கொண்டதாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சிலர் அப்போதே எழுதினார்கள். நான் மறுப்பது, வடிவம் தொடர்ந்தது என்பதிலிருந்து பொருளும் மாறாமல் தொடர்ந்தது என்று தாவுவதை மட்டுமே. கோலேந்தி நேர்முகமாக நிற்பது, வணக்கத்துக்குரியவரைக் காட்டுவதற்காக அந்நிலத்தில் நிலைபெற்ற தோற்றமாக இருந்திருக்கலாம். அத்தோற்றத்தில் யார் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கலாம்.

நூலிழை:

பாறைமொழி சொல்வதற்குத் துணிகளிலிருந்து ஒரு சான்று தருகிறேன். பெருவின் தென்கடற்கரையில் கார்வா என்ற இடத்தில், சவீன் பாணியில் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் கிடைத்தன. அவற்றிலும் கோல் ஏந்திய உருவம் இருக்கிறது; ஆனால் அது பெண். அவளுடைய உடலிலிருந்தும் கோலிலிருந்தும் பருத்திக் காய்கள் வெடித்து நிற்கின்றன. சவீன் மலையில் சுமார் 3,180 மீட்டர் உயரத்தில் பருத்தி விளையாது. கடற்கரை மக்கள் மலையிலிருந்து வந்த உருவ மொழியை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதில் தங்கள் வயலின் பயிரைத் தரும் ஒரு பெண் தெய்வத்தைத் தீட்டிக்கொண்டார்கள் என்றே இதைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது. ‘கோல் கடவுள்’ என்று ஒருமையில், அதுவும் ஆண்பாலாக எண்ணி எழுதினால் இவள் முழுவதுமாக மறைந்துபோவாள். துணிகளைப் பற்றி அறிமுக நூல்கள் பொதுவாகவே குறைவாகத்தான் பேசுகின்றன. ஆண்டீஸ் மக்கள் பொன்னைவிடத் துணியை உயர்வாக மதித்தவர்கள் என்பதை நினைத்தால் இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மலைமுகடு அவர்களே, உங்கள் காட்சியில் ஒரு துணியாவது இடம்பெற வேண்டும்.

வேனில்:

இடையில் என் ஐயம் ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கோரைப்பல் எங்கு வந்தாலும் அதை ‘ஜாகுவார் வழிபாடு’, அதாவது அமெரிக்கக் காட்டுப் பெரும்பூனையின் வழிபாடு, என்று எழுதுகிறார்களே, அது சரியா?

பாறைமொழி:

அதுவும் அவசர முடிவுதான். சவீனில் கழுகுக்கும் பருந்துக்கும்கூடக் கோரைப்பல் உண்டு. கறுப்பு வெள்ளை வாயில் என்று அழைக்கப்படும் முகப்பில் ஒரு பாதி வெண்ணிறக் கல்லாலும் மறு பாதி கருநிறக் கல்லாலும் ஆனது. அதன் இரண்டு உருளைத் தூண்களிலும் சிறகு விரித்த பறவை மனிதர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கழுகு முகத்தினர், மற்றவர் பருந்து முகத்தினர். அவர்களுடைய சிறகுகளுக்குள்ளும் இடுப்பிலும் கோரைப்பல் நீட்டிய வாய்கள் பதிந்திருக்கின்றன. முடி இருக்க வேண்டிய இடத்தில் பாம்பு, இறகு தொடங்கும் இடத்தில் பல்வரிசை என்று ஓர் உறுப்புக்கு மாற்றாக இன்னோர் உயிரின் உறுப்பை வைப்பதே அந்தச் சிற்பிகளின் வழக்கம். 1960களில் ஆய்வாளர் ஜான் ரோ இதனை ஒரு கவிதை உத்தியோடு ஒப்பிட்டு விளக்கினார். ஆகவே கோரைப்பல் ‘இது ஜாகுவார்’ என்று சொல்வதைவிட, ‘இது சாதாரண உயிர் அல்ல’ என்று அறிவிக்கும் அடையாளமாகவே பெரும்பாலும் செயல்படுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு பெருவின் வடகடற்கரையில் வாழ்ந்த மோச்சே மக்களின் ஓவியங்களில் நண்டுக்குக்கூடக் கோரைப்பல் முளைத்திருப்பதைப் பார்க்கலாம்.

சவீனிலேயே கிடைத்த தெயோ தூண் என்ற கற்றூணையும் இங்கே சொல்ல வேண்டும். 2.52 மீட்டர் உயரமுள்ள அந்தத் தூணில் இருப்பவை இரண்டு கெய்மன் முதலைகள். அவற்றின் உடலெங்கும் மரவள்ளி, மிளகாய், நிலக்கடலை ஆகியவை முளைக்கின்றன. முதலையும் இந்தப் பயிர்களும் மலைக்குக் கிழக்கே உள்ள வெப்பக் காட்டு நிலத்துக்கு உரியவை. பனிமலைகளுக்கிடையே நிற்கும் கோயிலுக்கு உரியவை அல்ல. பயிர்களை மனிதருக்குக் கொடையாக அளித்த முதலை என்று ஆய்வாளர் டொனால்ட் லாத்ரப் இதற்குப் பொருள் கண்டார். எல்லா நுணுக்கங்களிலும் அவரோடு உடன்படாதவர்கள்கூட, தொலைதூர நிலங்களின் வளம் இங்கே வணக்கப் பொருளாகியிருக்கிறது என்பதை ஏற்கிறார்கள். கோரைப்பல் என்றாலே ஜாகுவார் என்று எழுதிவிட்டால் இந்த முதலைகளுக்கும் பயிர்களுக்கும் இடமே இருக்காது.

மலைமுகடு:

‘எங்கே நின்றன, முன்னே என்ன நடந்தது’ என்று சொன்னீர்களே, அதை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்க முடியுமா? ரைமொந்தி பலகைக்கு அப்படிச் செய்யலாமா?

பாறைமொழி:

ரைமொந்தி பலகைக்கு அது முடியாது. அதன் பெருங்குறையே அதுதான். 1840ஆம் ஆண்டளவில் உழவர் ஒருவர் அதைக் கண்டெடுத்தார். 1860இல் இயற்கை அறிஞர் அந்தோனியோ ரைமொந்தி அதை ஒரு வீட்டில் பார்த்தார். 1874இல் அது பெருவின் தலைநகர் லிமாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கோயிலின் எந்தச் சுவரில், எந்தத் திசை நோக்கி அது நின்றது என்று சொல்ல எதுவும் எஞ்சவில்லை. சூரிய வாயிலும் விழுந்து உடைந்து கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டதுதான். நீங்கள் தேர்ந்த இரண்டு படங்களும் புகழ்பெற்றவை. ஆனால் இரண்டுமே தம் இடத்தை இழந்தவை. இடம் அற்றுப்போன உருவங்களுக்குத்தான் பெயர் சூட்டும் ஆசை அதிகமாக எழுகிறது என்று நினைக்கிறேன்.

சவீனிலேயே தன் இடத்தில் இன்றும் நிற்கும் ஓர் உருவம் இருக்கிறது: லான்சோன். சுமார் 4.5 மீட்டர் உயரமுள்ள கருங்கல். பழைய கோயிலின் உள்ளே, சிலுவை வடிவில் இரண்டு குறுகிய நடைவழிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், தரையில் ஊன்றிக் கூரைக்குள் செருகி நிற்கிறது. ஒரு கை மேலே உயர்ந்திருக்கிறது, மறு கை கீழே தாழ்ந்திருக்கிறது. தலைமுடியும் புருவமும் பாம்புகள். உதடுகள் மேல்நோக்கி வளைந்து பல்லைக் காட்டுகின்றன. இடைக்கச்சையில் வரிசையாக விலங்கு முகங்கள். பகல் வெளிச்சம் அங்கே எட்டாது. நடைவழி மிகக் குறுகியது. பின்னால் நகர்ந்து முழு உருவத்தையும் ஒரே பார்வையில் காண இடமில்லை. கையில் இருக்கும் சிறு விளக்கொளியில் நகத்தையும் பல்லையும் கண்ணையும் தனித்தனியாகத்தான் பார்க்க முடியும். நாம் நூல்களில் காணும் முழுமையான விரித்த கோட்டோவியத்தை அந்தக் கோயிலுக்குள் நுழைந்தவர் ஒருவரும் கண்டதில்லை. கூட்டமாக வணங்குவதற்காகச் செய்த சிலை அல்ல இது. மிகச் சிலரே, அதுவும் ஒருவர் இருவராக, அணுகுவதற்காக அமைத்தது.

இனி, அந்த இருளின் முன்னே என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். கோயிலின் முன் தாழ்ந்த தளத்தில் அமைந்த வட்ட முற்றத்தின் சுவரில், கீழ் வரிசையில் ஜாகுவார்களும் மேல் வரிசையில் ஊர்வலமாகச் செல்லும் மனித உருவங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஒருவர் சான் பெட்ரோ கள்ளியின் நீண்ட தண்டைக் கையில் ஏந்தியிருக்கிறார். அது மனத்தின் காட்சிகளை மாற்றும் தாவரம். இன்னொருவர் கடற்சங்கைப் பிடித்திருக்கிறார். 2001இல் ஜான் ரிக் தலைமையிலான குழு, அந்த முற்றத்துக்கு அருகிலேயே உள்ள நிலத்தடி அறை ஒன்றில் ஊதுவதற்காக முனை வெட்டிய 20 சங்குகளைக் கண்டெடுத்தது. கைபட்டுக் கைபட்டு அவற்றின் மேற்பரப்பு தேய்ந்திருந்தது. வெதுவெதுப்பான வடகடலிலிருந்து மலை மேல் கொண்டுவந்த சங்குகள் அவை. 2025இல் வெளியான ஆய்வு, இதே கோயிலில் கிடைத்த எலும்புக் குழாய்களில் காட்டுப் புகையிலையின் நிக்கோட்டினும், மனத்தின் காட்சிகளை மாற்றும் வில்கா மரத்தின் விதைக்குரிய வேதிப்பொருளும் படிந்திருப்பதைக் காட்டியது. கோயிலின் வெளிச்சுவரில் செருகியிருந்த கல் தலைகளில், மனித முகம் சிறிது சிறிதாக விலங்கு முகமாக மாறுவதும் சிலவற்றின் மூக்கிலிருந்து நீர் ஒழுகுவதும் செதுக்கப்பட்டிருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மூக்கின் வழியே பொடியை உறிஞ்சி, பூசகர் வேறோர் உயிராக மாறும் நிலையை அந்தத் தலைகள் காட்டுகின்றன என்று ஆய்வாளர்கள் முன்பே கருதினார்கள். இப்போது பொடியின் எச்சமே கிடைத்திருக்கிறது.

லான்சோனின் பெயர் நமக்குத் தெரியாது. ‘லான்சோன்’ என்பதே ஈட்டி போன்ற வடிவம் கருதிப் பின்னாளில் வந்த ஸ்பானியப் பெயர். அப்படியிருந்தும் அந்தச் சமயத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொண்டோம் பாருங்கள்.

மணற்கடிகை:

மோச்சே கலையில் இந்த அணுகுமுறை இன்னும் வெளிப்படையாகப் பலனளித்தது என்பதால் அதையும் சேர்க்கிறேன். பெருவின் வடகடற்கரையில் ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்த மோச்சே மக்களின் பானைகளில் ஒரு காட்சி மீண்டும் மீண்டும் வருகிறது: கட்டப்பட்ட கைதிகளின் கழுத்து அறுக்கப்படுகிறது, கிண்ணத்தில் குருதி ஏந்தப்படுகிறது, பறவை வடிவினர் ஒருவரும் பெண் ஒருவரும் முன்வர, கதிர்கள் சூழ்ந்த தலைவர் ஒருவருக்கு அந்தக் கிண்ணம் வழங்கப்படுகிறது. ஆய்வாளர் கிறிஸ்தோபர் டானன் 1970களில் இக்காட்சியில் வரும் ஒவ்வொருவரையும் அவரவர் உடையையும் அணியையும் கொண்டு பிரித்து அடையாளப்படுத்தினார். அந்த நாளில் இது வானுலகக் கதை என்றே பலரும் எண்ணினார்கள்.

1987இல் தொல்லியலாளர் வால்த்தர் ஆல்வா அதே வடகடற்கரையின் சிப்பானில் கொள்ளையர் கையில் சிக்காத கல்லறையைத் திறந்தபோது, உள்ளே கிடந்தவர் அந்தத் தலைவரின் பிறைவடிவத் தலையணியையும் இடுப்புத் தகடுகளையும் அணிந்திருந்தார். 1991இல் சான் ஹோசே தெ மோரோவில், காட்சியில் வரும் அந்தப் பெண்ணுக்குரிய தலையணியோடும் கிண்ணத்தோடும் புதைக்கப்பட்ட பெண்ணின் கல்லறை கிடைத்தது. பானையில் தீட்டியிருந்த கடவுளரின் வேடத்தை உயிரோடிருந்த மனிதர்கள் ஏற்று நடத்தியிருக்கிறார்கள் என்று உறுதியாயிற்று. 1995 முதல் வாக்கா தெ லா லூனா என்ற மோச்சே கோயிலில் ஸ்டீவ் பூர்ஷே தோண்டிய முற்றத்தில் பலியிடப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகள் இருந்தன. அவர்களில் சிலர் மழையால் குழைந்த சேற்றில் கிடந்தனர். அந்த வறண்ட கடற்கரையில் அப்படிப்பட்ட மழையைக் கொண்டுவருவது, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ. படத்தில் இருந்த பலி உண்மையில் நிகழ்ந்தது மட்டுமல்ல, எந்த நெருக்கடியில் நிகழ்ந்தது என்பதும் நிலத்திலிருந்தே தெரிந்தது.

இதே மோச்சே கலையில் கோரைப்பல் உருவத்துக்கு ‘அய் அபயெக்’ என்ற பெயரைத் தொல்லியலாளர் ரஃபாயெல் லார்கோ ஒய்லே வழங்கினார். பின்னாளில் பதிவான வடகடற்கரை மொழியிலிருந்து எடுத்த பெயர் அது. அந்தப் பெயர் எல்லா நூல்களிலும் பரவி, தலையறுக்கும் சிலந்தி, மலையில் அமர்ந்த தெய்வம், கடலில் போரிடும் வீரர் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டிய உருவங்கள் பலவற்றை ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டது.

ஓடுதேடி:

பெருவின் தென்கடற்கரை நாஸ்கா மக்களின் பானைகளையும் இதோடு எண்ணிப் பார்த்தேன். வெட்டிய தலையின் வாயிலிருந்து செடி முளைப்பதாக அங்கே தீட்டுகிறார்கள். நெற்றியில் துளையிட்டுக் கயிறு கோத்து, உதடுகளை முள்ளால் பூட்டிய உண்மையான தலைகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பகைவரின் தலைகள் என்றே நெடுங்காலம் எழுதினார்கள்; 2009இல் வெளியான வேதியியல் ஆய்வு, சோதித்த தலைகள் அதே நிலத்தில் வாழ்ந்தவர்களுடையவை என்று காட்டியது. படத்தை மட்டும் பார்த்துச் சொன்ன கதையை எலும்பு திருத்தியிருக்கிறது. வாரி, திவனாக்கு ஒற்றுமையைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கடவுளைச் சவீன் வரை நீட்டுவதற்கு இடையில் இருக்கும் ஆயிரம் ஆண்டுகளில் சான்று வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

நூலிழை:

இடத்தில் வைத்துப் பார்க்க இன்னோர் உருவமும் இருக்கிறது: லிமாவுக்குத் தெற்கே பச்சகமாக் கோயிலின் மரத்தூண். 1533இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாந்தோ பிசாரோ அங்கே வந்தபோது, உடன் வந்த மிகேல் தெ எஸ்தெத்தே, இருண்ட சிறு அறையில் மரத்தால் ஆன ஓர் உருவத்தைக் கண்டு வெறுப்போடு எழுதி வைத்தார். எத்தனையோ நாள் நடந்துவந்த அடியார்கள்கூட உள்ளே நுழைந்து அதைக் காண இயலாது. பூசகர்கள் மட்டுமே அணுகலாம். ஸ்பானியர்கள் அதை உடைத்தார்கள். 1938இல் அதே கோயிலில் 2.34 மீட்டர் நீளமுள்ள செதுக்கிய மரத்தூண் கிடைத்தது. உச்சியில் முதுகோடு முதுகாக நிற்கும் இருவர். 2020இல் வெளியான ஆய்வு அதன் காலத்தை 8, 9ஆம் நூற்றாண்டு என்று கணித்ததோடு, செதுக்கல்களின் இடுக்கில் சாதிலிங்கச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் எஞ்சியிருப்பதைக் கண்டது. அந்தக் காலக்கணிப்பின்படி, இன்காக்கள் அந்தக் கடற்கரையைக் கைப்பற்றும்போது அந்தத் தூணுக்கு வயது அறுநூறு ஆண்டுகளுக்கு மேல். அவர்கள் அந்தக் கோயிலை அழிக்கவில்லை. அருகிலேயே சூரியனுக்குத் தங்கள் கோயிலைக் கட்டினார்கள்.

மலைமுகடு:

அனைவருக்கும் நன்றி. விராகோச்சா என்ற பெயரை எடுத்துவிட்டேன். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைக்காமல் அவரவர் காலப்பகுதியில் பிரித்து வைக்கிறேன். ரைமொந்தி பலகையின் கீழ் இப்படி எழுதியிருக்கிறேன்: “இரு கோல்களை ஏந்திய உருவம். சவீன் தெ வாந்தர், பெரு. கி.மு. முதலாயிரமாண்டு. கோயிலில் இது நின்ற இடம் தெரியவில்லை. படத்தைத் தலைகீழாகவும் பார்க்கவும்.” அதனருகே லான்சோனுக்கும் கார்வா துணிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன். லான்சோனை முழு உருவக் கோட்டோவியமாகக் காட்டுவதா, நடைவழியிலிருந்து எடுத்த புகைப்படமாகக் காட்டுவதா என்று மட்டும் சொல்லுங்கள்.

பாறைமொழி:

இரண்டையும் வையுங்கள், ஆனால் புகைப்படத்தைப் பெரிதாகவும் கோட்டோவியத்தைச் சிறிதாகவும் வையுங்கள். நடைவழியின் அகலமும் கூரையின் உயரமும் தெரியும் படமாகத் தேர்ந்தெடுங்கள். தெயோ தூணையும் சேர்ப்பதாக இருந்தால், அது இப்போது லிமாவில் இல்லை, சவீன் ஊரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். பழைய நூல்களில் லிமா என்றே இருக்கும். 1945 சனவரியில் மலையிலிருந்து இறங்கிய சேற்றுவெள்ளம் அந்த வளாகத்தையே மூடி, அங்கே சேர்த்து வைத்திருந்த சிற்பங்கள் பலவற்றை அடித்துச் சென்றது என்பதையும் ஒரு வரியில் எழுதலாம். கோயிலின் வெளிச்சுவரில் இருந்த கல் தலைகளில் ஒன்றே ஒன்றுதான் இன்று தன் பழைய இடத்தில் இருக்கிறது.